பாதிக் காற்றில் ஒரு பகல்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் வீரபாண்டிப் பிரிவைக் கடந்து போகிறவர்கள், பனியன் கம்பெனி வாசல்களில் நிற்கும் வேன்களை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. விடியற்காலையில் ஆட்களை ஏற்றி வருவதற்கும், அந்தியில் அவர்களைக் கொண்டுபோய் விடுவதற்கும், இடைப்பட்ட நேரத்தில் துணி உருளைகளைச் சுமப்பதற்குமே பிறந்தவை அவை. அவ்விதம் பிறந்த ஒரு வேன், கரூரிலே புதிதாக பாடி கட்டப்பெற்று, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, கூரைமேல் சூரிய மின்தகடு ஆகிய இத்தனையையும் தன் வயிற்றுக்குள் அடக்கிக்கொண்டு, மூவாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாத தூரம் வடதிசை நோக்கி ஓடி, புல்லும் அபூர்வமான லடாக் மேட்டுநிலத்தில் ஒரு முழுப் பகலைக் கழித்த விருத்தாந்தத்தையும், அந்தப் பகலின் ஒவ்வொரு நாழிகையையும் ஆண்ட சக்தி எது என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல உத்தேசம்.

வண்டியின் சொந்தக்காரர் என் நண்பர். நெடுங்காலமாக ஐரோப்பியக் குளிருக்கு ஃப்ளீஸ் துணியில் உடுப்புத் தைத்து அனுப்புகிறவர். ஆனால் அந்த உடுப்பு எந்தத் துன்பத்துக்கு மருந்தாகச் செய்யப்படுகிறதோ அந்தத் துன்பத்தைத் தம்முடைய தோலினால் அறியாதவர். மார்கழிக் காலையில் மஃப்ளர் சுற்றிக்கொள்வதுதான் கொங்கு நாட்டில் குளிருக்கு நாம் செய்யும் அதிகபட்ச மரியாதை. கம்பெனியில் செய்த ஓர் உடுப்பையாவது அதற்குரிய இடத்திலே போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையே அவரைக் கிளப்பிற்று. ஓட்டுநர், நாமக்கல் லாரிகளில் தேசம் முழுவதும் சுற்றிப் பழகியவர். லாரிக்காரர்களின் வழக்கப்படி சமையலும் அவர் பொறுப்பே. மூன்றாவது ஆளாகிய எனக்கு வேலை எதுவும் இல்லை.

மணாலியிலிருந்து லே நகரத்துக்குச் செல்லும் பாதை ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீளமுள்ளது. முன்னாளில் ரோதாங் கணவாயின்மேல் ஏறி இறங்கிய வண்டிகள், 2020 அக்டோபர் 3ஆம் தேதி திறக்கப்பட்ட, ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுடைய அடல் சுரங்கத்தினூடே இப்போது மலையின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு லாகூல் பள்ளத்தாக்கில் வெளிப்படுகின்றன. சந்திரா, பாகா என்னும் இரண்டு நதிகள் கூடிச் செனாப் ஆகிற தாண்டி என்ற ஊரிலே ஒரு பெட்ரோல் பங்க். அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிவித்த அதன் பலகை வாகனக்காரர்களிடையே பெரும்புகழ் பெற்றது. தார்ச்சாவுக்கு அப்பால் ரும்ட்சே வரையில் நிரந்தரமான கிராமம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. கோடையில் முளைத்துக் கார்த்திகைக்குள் மறையும் கூடாரக் கடைகளே உண்டு. 1960இல் நிறுவப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பின் தொழிலாளர்கள், பனி மூடி அழிக்கும் பாதையை ஆண்டுதோறும் மறுபடியும் மண்ணுக்குமேல் கொண்டுவருகிறார்கள். புரட்டாசி மாதத்தில் ஒரு மாலை, பாரலாச்சா கணவாயைக் கடந்து, கடல்மட்டத்துக்கு 4,290 மீட்டர் உயரத்திலுள்ள சர்ச்சு என்னும் வெட்டவெளியில் எங்கள் வண்டி இராத்தங்கிற்று. நான் சொல்ல வந்த பகல் அங்கே விடிந்தது.

விடிவதற்கு முன்பே ஓட்டுநர் ஒரு சித்தாந்தத்தை வெளியிட்டார். "மரமே இல்லீங்க, அப்புறம் ஆக்சிஜன் எங்கிருந்துங்க வரும்?" என்றார் அவர். இந்த அபிப்பிராயம் இமயத்தில் வண்டியோட்டுகிற எல்லா மாநிலத்தாரிடமும் உண்டு. படித்தவர்களும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் இது பொருந்தாது. வீரபாண்டியிலும் சர்ச்சுவிலும் காற்றிலே பிராணவாயுவின் விகிதம் ஒன்றே; நூற்றுக்கு இருபத்தொரு பங்கு. வாயுமண்டலம் ஓயாமல் கலங்கிக்கொண்டே இருப்பதனால், ஓரிடத்தில் மரம் இல்லாத குறையை உலகம் முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. குறைவது விகிதம் அன்று, காற்று முழுவதுமே. அமேசான் காட்டையே பெயர்த்துச் சர்ச்சுவில் நட்டாலும் ஓட்டுநரின் மூச்சு இரைப்பு நின்றிராது.

காற்றுக்கு எடை உண்டு என்பதை டோரிசெல்லி 1640களில் பாதரசக் குழாயினால் காட்டினார். அந்த எடை மேலே போகப் போகக் குறைய வேண்டும் என்று ஊகித்த பாஸ்கல், தம்முடைய மைத்துனர் பெரியேவை 1648 செப்டம்பர் 19ஆம் தேதி பிரெஞ்சு தேசத்துப் புய்-த-தோம் மலைமேல் ஏற்றினார். அடிவாரத்து மடத்தில் ஒரு குழாயைக் காவலாக வைத்துவிட்டு மற்றொன்றோடு மலையேறிய பெரியே, உச்சியிலே பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்குமேல் தாழ்ந்து நிற்பதைக் கண்டு ஆனந்தமும் ஆச்சரியமும் கொண்டார். பாஸ்கல் இதை விளக்குவதற்குக் கம்பளிமயிர்க் குவியலை உவமையாகச் சொன்னார். நம் ஊர்க்காரருக்கு அது வெகு பொருத்தம். ஸ்பின்னிங் மில் கிடங்கிலே தளர்ந்த பஞ்சைக் கூரை வரையில் குவித்தால், அடியில் கிடக்கும் பஞ்சு மேலுள்ள எல்லாப் பஞ்சின் பாரத்தாலும் அமுங்கி இறுகுகிறது. உச்சியில் இருப்பதோ பொசுபொசுவென்று நிற்கிறது. ஒரு கைப்பிடி அடியிலிருந்தும் ஒரு கைப்பிடி உச்சியிலிருந்தும் அள்ளினால், கொள்ளளவு ஒன்றானாலும் பஞ்சின் அளவு ஒன்றாகாது. காற்றும் அப்படியே. சர்ச்சுவில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது, கடற்கரையில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்கு. 5,500 மீட்டர் உயரத்தை நெருங்கும்போது அது சரிபாதியாகிவிடுகிறது. அன்று நாங்கள் கடக்க வேண்டியிருந்த டாங்லாங் கணவாயின் உயரமோ 5,328 மீட்டர்.

காலையில் அடுப்பு முதலில் வழக்காடியது. நமது சமையல் வாயு, புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. சாதாரண அழுத்தத்தில் முன்னது பூஜ்யத்துக்குக் கீழே 42 பாகையிலும் கொதித்து ஆவியாகும். பின்னதோ பூஜ்யத்துக்கு அரைப் பாகை கீழே சென்றதும் திரவமாகவே கிடக்க விரும்பும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது புரொப்பேன் முந்திக்கொண்டு வந்து அடுப்பை எரிக்கும். பாதி தீர்ந்த பிறகு உள்ளே தங்குவது பெரும்பாலும் சோம்பேறிப் பியூட்டேன். இரவு முழுவதும் பூஜ்யத்துக்குக் கீழே நின்ற எங்கள் சிலிண்டர் பாதி தீர்ந்ததாக இருந்தது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்திருப்பது ஆவியாதலுக்குச் சிறிது உதவி செய்கிறது என்றாலும், சுடர் மெலிந்து, மஞ்சள் நிறத்தில் தயங்கி நின்றது. மஞ்சள் சுடர் அழகுக்கு உரியதன்று. பிராணவாயு போதாமல் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சைப் பிறப்பிக்கிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு அதிகமான ஆவலோடு அந்த நஞ்சைப் பற்றிக்கொள்கிறது. எனவே, குளிர் எவ்வளவு கொடியதானாலும், வண்டிக்குள் அடுப்பு எரிகிற வரையில் ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். நடமாடும் வீட்டில் உயரப் பிரதேசங்களுக்குப் போகிறவர்கள் மற்ற எல்லா விதியையும் மறந்தாலும் இதை மறக்கலாகாது.

பிறகு சோறு. வீரபாண்டியில் தண்ணீர் 99 பாகையில் கொதிக்கிறது. கொதித்தல் என்பது, தண்ணீரின் ஆவி தன்மேல் அமர்ந்திருக்கும் காற்றின் பாரத்தைத் தள்ளிக்கொண்டு எழும்புவதே ஆகையால், பாரம் குறைந்த இடத்தில் அது சீக்கிரம் எழும்பிவிடுகிறது. சர்ச்சுவில் 86 பாகையிலேயே தளதளவென்று குமிழியிடும். அதன்பின் எவ்வளவு எரித்தாலும் உஷ்ணம் அதற்குமேல் ஏறாது. எரித்த வெப்பமெல்லாம் ஆவியாகப் போகும். அரிசியின் மாவுப்பொருள் எழுபது பாகையை ஒட்டியே இளகத் தொடங்குவதால் சோறு ஒருவாறு வெந்துவிடும், ஆனால் நேரம் பிடிக்கும். துவரம்பருப்பு வேகவே வேகாது. "தண்ணி கொதிக்குதுங்க, பருப்பு மட்டும் கல்லாட்டவே கெடக்குது" என்று ஓட்டுநர் கரண்டியோடு வந்து நின்றார். குக்கர் இங்கே உயிர் காக்கும் யந்திரம். ஆனால் அதன் விசிலும் நம் ஊர் விசில் அன்று. மூடிமேல் உள்ள எடை, உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் குறித்த அளவை எட்டும்போது தூக்கிக்கொள்வதால், கடற்கரையில் 120 பாகையில் ஊதுகிற குக்கர் சர்ச்சுவில் 113 பாகையிலேயே ஊதிவிடுகிறது. மூன்று விசிலுக்கு இறக்குகிறவர்கள் ஐந்து வைக்க வேண்டும்.

இந்த மேட்டுநிலத்து மக்கள் இந்தச் சங்கடத்தைத் தீர்த்த விதம் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. அவர்களுடைய நித்திய ஆகாரம் வறுத்த வாற்கோதுமையின் மாவு. திபெத்தியர் ட்சம்பா என்பார்கள். கொதிநிலை தண்ணீரைக் கட்டுப்படுத்துமேயன்றி, வறுக்கும் சட்டியைக் கட்டுப்படுத்தாது. தானியத்தைத் தாழ்ந்த பள்ளத்தாக்கிலே, விறகு கிடைக்கிற இடத்திலே, நூறு பாகைக்கு எவ்வளவோ மேலான சூட்டில் வறுத்துப் பொடித்து வைத்துக்கொண்டால், பிறகு எந்தக் கணவாயின் உச்சியிலும் வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து உருட்டி உண்ணலாம். மறுபடி வேகவைக்க வேண்டியதில்லை. பௌதிக நூல் எதையும் படியாமலே பௌதிகத்தின் ஒரு கண்ணியிலிருந்து இவ்வளவு லாவகமாக நழுவிய சமையல் வேறொன்றை நான் அறியேன்.

உடம்பின் கதை சற்று நீண்டது. கொரோனாக் காலத்தில் வீடுதோறும் வந்துசேர்ந்த, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றை நண்பர் எடுத்து வந்திருந்தார். ஊரில் 98 காட்டிய அது சர்ச்சுவில் 82 காட்டிற்று. "ஏனுங்க மொதலாளி, அப்ப இந்த நெம்பருக்கு ஐசியூவுல போட்டிருப்பாங்கல்லீங்க?" என்ற ஓட்டுநரின் கேள்வி நியாயமானதே. நோயினால் நுரையீரல் பழுதாகி எண்பதுக்கு இறங்குவது வேறு. நல்ல நுரையீரல் மெலிந்த காற்றை இழுத்து எண்பதில் நிற்பது வேறு. பிந்தியதில் உடம்பு உடனே பரிகாரம் தேடத் தொடங்குகிறது. கழுத்திலே, தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகளின் கவட்டில் இருக்கும் மிகச் சிறிய உறுப்புகள் பிராணவாயுவின் குறையை மோப்பம் பிடித்து மூச்சை விரைவுபடுத்துகின்றன. மூச்சு விரைந்தால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறுகிறது. அது வெளியேறினால் இரத்தம் காரத்தன்மை அடைகிறது. காரம் மிகுந்தால் மூளையின் மூச்சு நிலையம் "போதும், அடங்கு" என்று கட்டளையிடுகிறது. ஒன்று விரட்ட, மற்றொன்று இழுத்துப் பிடிக்கும் இந்த வழக்கை நாளடைவில் தீர்த்துவைக்கும் நீதிபதி சிறுநீரகம். அது காரத்தைச் சிறுநீரோடு வெளியேற்றி இரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரச் சில நாட்கள் ஆகின்றன. வண்டிக்குள்ளே கழிப்பறை வைத்த கரூர்க்காரரை, நள்ளிரவில் பனிக்காற்றில் இறங்க வேண்டாத நாங்கள் பலமுறை வாழ்த்தியதற்கு உடற்கூற்று நூலில் ஆதாரம் இருக்கிறது.

இந்த வழக்கின் மற்றொரு விளைவு இரவில் புலப்பட்டது. நண்பர் உறக்கத்தில் வேகமாக மூச்சு வாங்குவார். பிறகு மெல்ல அடங்கி, சில விநாடிகள் மூச்சே இன்றிக் கிடப்பார். மறுபடியும் ஒரு பெருமூச்சோடு தொடங்குவார். ஓட்டுநர் பயந்துபோய் விளக்கைப் போட்டுவிட்டார். கரியமில வாயு குறைந்ததும் மூச்சு நிலையம் ஓய்வெடுக்கிறது, பிராணவாயு குறைந்ததும் திடுக்கிட்டு எழுகிறது, அவ்வளவுதான். உயரத்தில் உறங்குகிறவர்களிடையே இது சர்வசாதாரணம்.

அசாதாரணமானதும் உண்டு. 1962ஆம் ஆண்டு யுத்தத்தை ஒட்டிச் சமவெளியிலிருந்து நேரே இமயத்தின் உயரங்களுக்குக் கொண்டுசேர்க்கப்பட்ட நம் சிப்பாய்களில் பலர், எதிரியைக் காணாமலே தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் கண்டு வீழ்ந்தார்கள். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது, சிலருக்கு மூளை வீங்கியது. இந்திய ராணுவ வைத்தியர் இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும் அவ்வாறு நோயுற்ற 1,925 சிப்பாய்களைப் பரிசோதித்து 1969இல் வெளியிட்ட ஆராய்ச்சி, உலகத்து மலைநோய் மருத்துவத்துக்கே மூலநூல்களில் ஒன்றாயிற்று. 3,000 மீட்டருக்கு மேலே உறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு அதிகமாக உயர்த்தலாகாது என்பது இன்றைய வைத்தியர்கள் சொல்லும் விதி. மணாலிப் பாதை அந்த விதியை அனுசரிக்க இடங்கொடுப்பதில்லை. வழியில் தாழ்வாக உள்ள ஜிஸ்பா என்ற ஊரில் சில இரவுகள் தங்கி உடம்பைப் பழக்கினாலும், சர்ச்சுவுக்கு ஒரே தாவலில் ஆயிரம் மீட்டர் ஏறித்தான் ஆக வேண்டும். தலைவலி மிஞ்சினால் செய்யத்தக்கது ஒன்றே: வீரம் பேசாமல் கீழே இறங்குவது.

சூரியன் எழுந்து எஞ்சின் மேல் வெயில் படும்வரை ஓட்டுநர் வண்டியைக் கிளப்பவில்லை. முந்தின மாலையே வண்டியின் முகத்தைக் கிழக்கு நோக்கி நிறுத்தியிருந்தார். டீசலில் மெழுகு கரைந்திருக்கிறது. குளிரில் அது உறைந்து பிரிந்து வடிகட்டியை அடைக்கும். சமவெளிகளில் விற்கும் சாதாரண டீசல் இக்குளிருக்காக வடிக்கப்பட்டதன்று. லடாக்கின் குளிர்காலத்துக்கென்றே, பூஜ்யத்துக்குக் கீழே 33 பாகை வரையில் ஓடும் தன்மை கெடாத தனி டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் பானிப்பட்டு ஆலையில் வடித்து 2019 நவம்பரில் வெளியிட்டது. புதிய வண்டிகளின் புகையைச் சுத்திகரிக்க ஊற்றப்படும், ஓட்டுநர்கள் யூரியா என்றே சொல்கிற திரவமும் பூஜ்யத்துக்குக் கீழே 11 பாகையில் உறைந்துபோகும்.

சர்ச்சுவைத் தாண்டியதும் காட்டா வளைவுகள். இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகளில் சாலை ஒரே மலைச்சரிவில் புரண்டு புரண்டு ஏறுகிறது. "பிக்கப் சுத்தமா இல்லீங்க" என்றார் ஓட்டுநர். அவரைத் திணற வைத்த அதே பஞ்சம் எஞ்சினையும் திணற வைத்தது. டீசல் எரிவதற்கு அதன் எடையைப் போல் பதினான்கு பதினைந்து மடங்கு எடையுள்ள காற்று வேண்டும். தானே மூச்சிழுக்கும் பழைய எஞ்சின், ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் தன் பலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கும். பழைய லாரிகள் இந்த வளைவுகளில் கரும்புகை கக்குவது, அளந்து ஊற்றிய டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்காமல் அது அரைகுறையாக எரிவதனால்தான். எங்கள் வண்டியில் டர்போ உண்டு. வெளியேறும் புகையின் வேகத்தாலேயே சுழன்று, மெலிந்த காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிற விசிறி அது. தொட்டியில் தண்ணீரும் கூரைமேல் தகடுகளும் மரப்பலகை அலமாரிகளும் சுமந்த வண்டிக்கு, கீழ்க்கியரில் அந்த விசிறி முழுவேகம் கொள்ளும்வரை பொறுமையே துணை. மனிதனுடைய உடம்பில் டர்போ இல்லை. சில வாரங்கள் தங்கினால் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்ளுகிறது, அவ்வளவே.

நாக்கி கணவாய், லாச்சுலுங் கணவாய் ஆகிய இரண்டையும் கடந்து, பாங் என்ற இடத்தில் தேநீர் குடித்து, ஒரு மேட்டின்மேல் ஏறியதும் மோரே சமவெளி விரிந்தது. 4,700 மீட்டர் உயரத்திலே நாற்பது கிலோமீட்டர் நேராக ஓடும் சாலை! இருபுறமும் மஞ்சளும் செம்மையுமான மலைகள். ஆகாயமோ நம் ஊர் நீலம் அன்று, கருமையை நாடும் நீலம். ஆகாயத்தின் நிறம், சூரிய ஒளியைக் காற்றின் அணுத்திரள்கள் சிதறடிப்பதால் உண்டாவது என்பதை ராலே 1871இல் கணக்கிட்டுக் காட்டினார். தலைக்குமேல் காற்று பாதியானால் சிதறும் ஒளியும் பாதியாகும். தூசியும் ஈரமும் இன்மையால் வெண்மை கலப்பதும் இல்லை. மிஞ்சுவது அண்டவெளியின் இருளை உள்ளே காட்டும் ஆழ்ந்த நீலம். வடிகட்டும் காற்று குறைந்ததால் புற ஊதாக் கதிர் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் பத்து சதவீதம் வரை மிகுகிறது. குளிரில் நடுங்கிக்கொண்டே முகம் கருகிப்போகும் விநோதம் அதனால் நிகழ்கிறது. கூரைமேல் இருந்த மின்தகடு மட்டும் உற்சாகத்தின் உச்சியில் இருந்தது. சிலிக்கன் தகடு சூடேறினால் சோர்ந்துபோகும் இயல்புடையது, இங்கே வெயில் மிகுதி, சூடு கம்மி.

இந்த வறட்சிக்குக் காரணம் நமக்குப் பழக்கமானதே. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சிமலை பிழிந்துகொள்வதால் திருப்பூர் சீமை மழைநிழலில் நிற்பதுபோல, இமயத்தின் பெருந்தொடர் பிழிந்த மிச்சமே லடாக்குக்குக் கிடைக்கிறது. லே நகரத்தில் ஆண்டு முழுவதற்கும் 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. ஈரமற்ற காற்று இரவிலே பூமியின் வெப்பத்தைத் தடுத்து வைக்காமல் விண்ணுக்குப் போகவிடுகிறது. பகலில் சட்டையோடு திரிந்த இடம் இரவில் உறைந்துபோவது அதனால்தான். இந்த வறண்ட, மெலிந்த காற்றைத் தேடி வந்தவர்களும் உண்டு. 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்ட வானாய்வு நிலையம், 1899இல் கொடைக்கானலில் ஏறி, அந்தப் பரம்பரையில் வந்த இந்திய வானியற்பியல் நிறுவனமாக வளர்ந்து, இப்பாதைக்குக் கிழக்கே ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இரண்டு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை நிறுத்தியிருக்கிறது. நோயாளிக்குத் துன்பமான காற்று நட்சத்திரம் பார்க்கிறவனுக்குப் பாக்கியம்.

சமவெளியின் ஓரத்திலே சாங்பா இடையர்களின் ஆட்டுமந்தை ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. கூடாரத்தை விலங்குகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு புல்லைத் தொடர்ந்து இடம்பெயரும் அம்மக்களுக்கு முன்னால், வீட்டோடு பிரயாணம் செய்வதாக நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்த ஆடுகளே பஷ்மினா ஆடுகள். கரடுமுரடான மேல்மயிருக்கு அடியில் குளிர்காலத்தில் முளைக்கும் உள்மயிரின் விட்டம் 12 முதல் 15 மைக்ரான். வசந்தத்தில் சீவி எடுக்கிறார்கள். நண்பர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஓர் ஆட்டின் விலாவில் விரலை நுழைத்துப் பார்த்து, நூலின் கவுண்டைப் பார்க்கிற வியாபாரியின் முகத்தோடு திரும்பி வந்தார்.

பிற்பகலில் டாங்லாங் கணவாய். வாங்கி வைத்திருந்த சிப்ஸ் பொட்டலங்கள் அடைபட்ட காற்றினால் உப்பி உருண்டு கிடந்தன. டயர்களும் அவ்வாறே உப்ப வேண்டும் அல்லவா? அளவுமானி அப்படிக் காட்டவில்லை. வெளியழுத்தம் குறைந்ததால் ஏறவேண்டிய ஆறேழு பவுண்டை, ஊரைவிட முப்பது பாகை குறைந்த குளிர் கிட்டத்தட்ட நேர்செய்துவிட்டது. கொடிகள் படபடக்க வீசிய காற்றில் நண்பர் தம் கம்பெனியின் ஃப்ளீஸ் உடுப்போடு இறங்கினார். இறங்கிய வேகத்தில் திரும்பினார். உடுப்பு துளியும் பயன்படவில்லை என்று குமைந்தார். அதன்மேல் ஒரு சாதாரண நைலான் மழைக்கோட்டை மாட்டி மறுபடி அனுப்பினோம். பத்து நிமிஷம் நின்று, சௌக்கியமாக இருக்கிறது என்று கையசைத்தார்.

மழைக்கோட்டுக்கு வெப்பம் காக்கும் சக்தி அநேகமாக இல்லை. அது செய்தது, ஃப்ளீஸுக்குள் இருந்த காற்றைக் காற்று அடித்துக்கொண்டு போகாமல் தடுத்தது மாத்திரமே. துணி நம்மைச் சூடாக்குவதில்லை; உடம்பு தானே எழுபது எண்பது வாட் வெப்பத்தை ஓயாமல் உண்டாக்குகிறது. அதைக் கசியவிடாமல் காப்பதும் நூல் அன்று. பருத்தியாயினும் பாலியஸ்டராயினும் இழை, அசையாத காற்றைக் காட்டிலும் சில மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தவே செய்யும். இழையின் வேலை, காற்றை நுண்ணிய அறைகளில் அசையாமல் பிடித்து நிறுத்துவது. பிரஷிங் யந்திரத்தின் கம்பிப்பற்கள் துணியின் உட்புறத்தைக் கீறிப் பொசுபொசுவெனக் கிளப்புவதெல்லாம் அந்த அறைகளைப் பெருக்குவதற்கே. நல்ல ஃப்ளீஸில் கொள்ளளவின் பெரும்பகுதி வெறும் காற்று.

அப்படியானால் இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும், நண்பருக்கும் எழுந்தது. அரிசிக்கும் எஞ்சினுக்கும் இரத்தத்துக்கும் காற்று பாதியாகித் துன்பம் வந்ததே, காற்றையே மூலதனமாகக் கொண்ட துணிக்கு மட்டும் பலம் பாதியாகாதா? ஆகாது என்பதே விடை; விஞ்ஞானம் தரும் விடைகளில் இது மிகவும் எதிர்பாராதது. 1860இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், வாயுக்களின் அணுத்திரள்கள் ஒன்றோடொன்று மோதி ஓடுவதைக் கணக்கிட்டபோது, வாயுவின் உராய்வுத்தன்மை அதன் அடர்த்தியைச் சார்ந்ததன்று என்ற முடிவு வந்து நின்றது. அவருக்கே அது நம்பத்தகாததாகத் தோன்றிற்று. பிறகு லண்டனில் தம் வீட்டிலேயே, மனைவி காத்தரீனின் துணையோடு, கண்ணாடித் தட்டுகளை மெலிந்த காற்றிலும் அடர்ந்த காற்றிலும் ஊசலாடவிட்டு அளந்து, கணக்கு மெய்யே என்று 1866இல் அறிவித்தார். வெப்பம் கடத்துவதற்கும் அதே நியாயம் பொருந்தும். காற்று பாதியானால் வெப்பத்தைச் சுமக்கும் அணுத்திரள்கள் பாதியாகின்றன, மெய். ஆனால் வழியில் மோதுவதற்கு ஆள் குறைந்ததால் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு தூரம் தடையின்றி ஓடிச் சேர்க்கிறது. சுமப்பவர் பாதி, நடை இரட்டிப்பு, சுமை அப்படியே.

கடல்மட்டத்தில் ஓர் அணுத்திரள் மோதலின்றி ஓடும் தூரம் மில்லிமீட்டரின் பதினையாயிரத்தில் ஒரு பங்கு. கணவாயின் உச்சியில் அது இரண்டு மடங்குக்குச் சற்றே குறைவு. ஃப்ளீஸின் இழைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியோ அதைப் போல் பல நூறு மடங்கு பெரிதாகையால், மாக்ஸ்வெல்லின் நியாயம் அங்கே பங்கமின்றிச் செல்லும். வீரபாண்டியில் பிடித்த காற்றைக் கொண்டும் டாங்லாங்கில் பிடித்த பாதிக் காற்றைக் கொண்டும் துணி ஒரே அளவு காப்பு அளிக்கிறது. உண்மையில் உயரத்திலே அதற்குச் சிறு லாபமும் உண்டு. மெலிந்த காற்று சூடேறி மேலெழுந்து சுழலும் போக்கு குறைகிறது. அன்றைய பகலில் எங்களோடு கணவாய் ஏறியவற்றுள் பலம் குறையாமல் வந்து சேர்ந்தது, சொன்னால் நம்புவதரிது, பனியன் துணி ஒன்றே.

அப்பால் இறக்கம். ரும்ட்சேயில் அறுத்த வாற்கோதுமை வயல்களும், மழை கண்டறியாத மண்கூரை வீடுகளும். உப்ஷியில் சிந்து நதி. இருட்டுவதற்குள் 3,500 மீட்டரிலுள்ள லேயை அடைந்தோம். ஆக்சிமீட்டர் 90ஐத் தொட்டது. எஞ்சினுக்குப் பிக்கப் வந்துவிட்டதாக ஓட்டுநர் தெரிவித்தார். நண்பரின் சிந்தனை மட்டும் உடுப்பைவிட்டு இறங்கவில்லை. ஜிஎஸ்எம் கூட்டினால், அதாவது எடை கூடிய துணியாக ஓட்டினால், காப்பு கூடுமா என்று கேட்டார். எடை அல்ல, தடிமனே காப்பு. இழையை நெருக்கி எடையைக் கூட்டினால் காற்றுக்கு இடம் குறையும். முழுப் பருத்தியாகவே இருக்கட்டுமே என்றார், பருத்தியால் வாழும் ஊர்க்காரருக்கு உரிய பாசத்தோடு. பருத்தி தன் எடையில் நூற்றுக்கு எட்டரைப் பங்கு ஈரத்தைச் சாதாரணக் காற்றிலிருந்தே உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; பாலியஸ்டர் அரைப் பங்குக்கும் குறைவு. ஏற்றத்தில் வியர்த்தால் பருத்தியின் அறைகளில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது, தண்ணீரோ காற்றைவிட இருபது மடங்குக்குமேல் வெப்பம் கடத்துவது. அதனால்தான் குளிர்நாட்டு பையர்கள் உட்புறம் பாலியஸ்டர் நூல் வரும்படி ஃப்ளீஸ் கேட்கிறார்களோ என்று நண்பர் யோசித்தார். அதனால்தான் என்றேன். இத்தனை வருஷமாக விலையைக் குறைக்கத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்திருந்ததாகச் சொல்லிவிட்டு, அவர் கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டார்.